ஏற்காட்டு மலைப்பாதையும் என் கார் பாலிசியும்

எனக்கு 69 வயது. ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் வீடு. சின்ன பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது, நானேதான் ஓட்டுகிறேன். கண் ஆஸ்பத்திரி, கல்யாணம், காதுகுத்து என்று எதற்கானாலும் சேலம் இறங்கித்தான் ஆக வேண்டும். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. இந்த வயதில் இந்தப் பாதையில் ஓட்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் என் வயதுக்கென்று தனிக் கட்டணம் எந்த ரினியூவலிலும் வந்ததில்லை. வயது குறுக்கே வந்து நிற்பது பிரீமியம் கட்டும்போது அல்ல, கிளெய்ம் கேட்கும்போது. பலருக்கு இது தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் பிரீமியக் கணக்கு. எதிராளிக்கு நேரும் சேதத்துக்கான பங்கை, அதாவது தேர்டு பார்ட்டி தொகையை, மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த அட்டவணையில் 1000 சிசிக்குள் இருக்கும் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இருபது வயதுப் பையனுக்கும் எனக்கும் ஒரே தொகைதான். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பங்கு, ஓன் டேமேஜ், பெரும்பாலும் காரின் மதிப்பு, இன்ஜின் அளவு, வண்டியின் வயது, முன்பு கிளெய்ம் வாங்கியிருக்கிறோமா என்பதை வைத்து வரும். ஊர்க் கணக்கும் உண்டு. சென்னை, பெங்களூரு மாதிரி எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்றதெல்லாம் பி மண்டலம். சேலம் பி என்பதால் கொஞ்சம் குறைவு. மலை, வளைவு, மூடுபனி எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

என் தங்கை அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும் ஒரு மேட்டு ஊரில் இருக்கிறாள். அங்கே கதையே வேறு. எழுபதைத் தாண்டினால் பிரீமியம் மெல்ல ஏற ஆரம்பிக்கிறதாம். ஆனால் அந்த மாநிலத்தில் விபத்துத் தவிர்ப்பு வகுப்பு ஒன்றை முடித்துவிட்டால் மூன்று ஆண்டுக்குப் பத்து சதவீதம் குறைக்கிறார்கள். நமக்கு ஏற்றமும் இல்லை, அந்த வகுப்பும் இல்லை. வயதானவர் ஒழுங்காக ஓட்டுகிறாரா என்று வருஷா வருஷம் யாரும் கேட்காததால், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே நாம் இருந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு பெரியவர் இருக்கிறார். காபி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று ஊரில் பேர். ஒரு நவம்பர் மாலை, பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாத மூடுபனியில், ஏறி வந்த பைக்கை உரசிவிட்டுத் தடுப்புச் சுவரில் மோதினார். பைக்கில் வந்த பையனுக்குக் கால் எலும்பு முறிவு. காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது. தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த முழு பாலிசிதான், பணமும் கட்டியிருக்கிறது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து முதலில் கேட்டது லைசென்ஸ். அது காலாவதியாகிச் சில மாதம் ஆகியிருந்தது. வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

இது வயதானவர்களுக்கே உரிய பள்ளம். சின்ன வயதில் எடுத்த லைசென்ஸ் நீண்ட காலம் ஓடும். ஐம்பத்தைந்துக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தே வருஷம்தான். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் காலாவதியான பின்னும் முப்பது நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது முடிவுத் தேதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்குள்ளும் புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பித்த தேதியிலிருந்துதான் அது செல்லும். நடுவில் ஓட்டிய நாளெல்லாம் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. ஓராண்டையும் தாண்டினால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

அந்தப் பையனின் நஷ்டஈடு என்ன ஆகும் என்று அண்ணன் பயந்துபோனார். பயப்பட வேண்டிய விஷயம்தான். இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவரைக் கைவிடக் கூடாது என்பது சுவரன் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று பல தீர்ப்புகளில் சொல்கிறார்கள். பென்ஷனில் வாழ்கிறவர் வீட்டு வாசலுக்கு அந்த வசூல் வந்தால் என்ன செய்வது?

நாற்பதைத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்று தர வேண்டும். தெரிந்த டாக்டரிடம் பேசிக்கொண்டே கையெழுத்து வாங்கிவிட்டு வருகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் கேட்பதைப் படித்துப் பாருங்கள்: 25 மீட்டரில் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பு பச்சை தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா. மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு இவை நான்கும் உயிர் விஷயம். ஹாரன் சத்தம் காதில் விழாமல் ஒரு கொண்டை ஊசியைக் கடக்கவே முடியாது. என் கண்புரை பிடிபட்டதே இந்தச் சான்றுக்காக ஒழுங்காகக் கண்ணைக் காட்டியபோதுதான்.

இதே கேள்வி இன்சூரன்ஸ் விண்ணப்பத்திலும் இருக்கும். ஓட்டுபவருக்குப் பார்வைக் குறைபாடோ காது கேளாமையோ உடல் குறைபாடோ உண்டா என்று ஒரு வரி. ஆன்லைனில் எடுத்தால் அது கண்ணிலேயே படாமல் போகலாம். ஏஜென்ட் மூலம் போனால் அவரே நிரப்பிவிடுவார். போன தடவை எங்கள் ஏஜென்ட் தம்பி, "டீச்சரம்மா, அதுக்கு இல்லைன்னே போட்டுக்கலாங்க, யாரும் பாக்கமாட்டாங்க" என்றார். யாரும் பார்க்கமாட்டார்கள்தான், கிளெய்ம் வரும்வரை. ஆபரேஷன் ஆனது, கண்ணாடி போட்டுத் திருத்திய பார்வை இவ்வளவு என்று எழுதச் சொன்னேன். பிரீமியம் ஒரு பைசா ஏறவில்லை. டாக்டர் கொடுத்த சான்றின் நகலை பாலிசியோடு வைத்திருக்கிறேன்.

அடுத்தது, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது. இந்தக் கார் என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் தவறியபோது நடந்த அலைச்சலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவு: முப்பது நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பாலிசியும் அதே மாதிரிதான். இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் பழைய பெயரில் ஓடும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? என் மகன் பெங்களூரில் இருந்துகொண்டு போனிலேயே நச்சரித்ததால் நடந்தது. ஒரு நல்ல விஷயம், அவர் கிளெய்ம் வாங்காமல் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் எனக்கு வந்தது. வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு வாரிசு முறையில் வண்டி வந்தால் அந்தத் தள்ளுபடியும் கூடவே வரும். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு மாற்றினால் வராது. அப்போது அப்பாவின் போனஸ் அப்பாவோடுதான்.

இன்னொரு பக்கம், பிள்ளைகள் தங்கள் பெயரில் கார் வாங்கி அம்மா அப்பாவிடம் விட்டுவைக்கிறார்கள். பாசம்தான், ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாலிசியில் கட்டாயமாகச் சேரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். மகன் பெயரில் வண்டி இருந்து அம்மா ஓட்டிக்கொண்டு போய் அடிபட்டால் அந்த 15 லட்சம் அம்மாவுக்குக் கிடையாது. அம்மாவுக்குத் தனியாக விபத்து பாலிசி எடுங்கள். அல்லது பாலிசியிலேயே அவர் பெயரைச் சொல்லிக் கூடுதல் காப்பீடு சேருங்கள், கட்டும் தொகை சிறியதுதான். தனி விபத்து பாலிசிகளில் வயது வரம்பு வைத்திருப்பார்கள் என்பதால், அறுபதுகளிலேயே எடுத்து, இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வருவது நல்லது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு, டாக்டர் சரி சொல்லும்வரை நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டேன். இப்போதும் மழை பிடித்தாலோ திரும்பி வர இருட்டிவிடும் என்றாலோ அவரைத்தான் கூப்பிடுகிறேன். சம்பள டிரைவர் ஓட்டும்போது அவருக்கு அடிபட்டால் நம் பொறுப்பு. அதற்கு பாலிசியில் 50 ரூபாய் கட்டினால் தனி இணைப்பு கிடைக்கும். 50 ரூபாய்தான். ரினியூவல் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய லைசென்ஸையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் லைசென்ஸ் செல்லாது என்றால் விழுவது நம் தலையில்தான்.

வயதானவர் வீட்டுக் கார் சும்மா நிற்கிறதே என்று கேட்டு வருகிறவர்கள் கோடை விழா சீசனில் நிறைய. "ஓன் போர்டுதானுங்க, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் சுத்திக் காட்டிட்டு சாயந்திரம் விட்டுடறேனுங்க" என்பார்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்தால் கிளெய்ம் அத்தோடு முடிந்தது. நான் சாவியைக் கொடுப்பதே இல்லை.

வாடகை வேறு, சும்மா ஏற்றிக்கொண்டு போவது வேறு. ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா இருவர் என்னோடு தொற்றிக்கொள்வது வழக்கம். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த காரில் இப்படி இலவசமாக வருகிறவருக்கு அடிபட்டால் பாலிசி பொறுப்பேற்காது. முழு பாலிசியில் ஏற்கும். பழைய காருக்கு எதற்கு முழு பாலிசி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி மலை. முழு பாலிசியின் ஆபத்துப் பட்டியலை உட்கார்ந்து படித்தபோது எனக்கே ஆச்சரியம். புயல், வெள்ளம், ஆலங்கட்டி, உறைபனி, நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. உறைபனி ஊட்டிக்காரர்களுக்கு ஆகும். நிலச்சரிவு நமக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டது ஊருக்கே ஞாபகம் இருக்கும். வீட்டு முன் நிற்கும் காரின் மேல் சில்வர் ஓக் மரம் விழுந்தாலும், இருட்டில் காட்டெருமை குறுக்கே பாய்ந்தாலும் முழு பாலிசியில் கேட்கலாம். தேர்டு பார்ட்டியில் ஒன்றும் கிடையாது. மரத்தை வெட்டி அகற்ற ஆள் வருவதற்குள் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

எது கிடைக்காது என்பதைத்தான் மலைக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே வந்து பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது, ஏற்றத்தில் அரை கிளட்சில் நிறுத்தி நிறுத்தி கிளட்ச் பிளேட் கருகுவது, இவையெல்லாம் தேய்மானம். பாலிசி தொடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கிளட்சை முழுதாக மிதிக்காமல் ஓட்டுவார்கள், அதனால் இந்தச் செலவு வயதானவர்களுக்கு அடிக்கடி வரும். ஏறின கியரிலேயே இறங்கு என்று என் வீட்டுக்காரர் சொல்வதை நான் இன்றும் மாற்றவில்லை.

இதைவிட மோசமானது ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி. சரிந்து கிடக்கும் கல் ஒன்று அடியில் இடிக்கும், ஆயில் ஒழுகும், விளக்கு எரியும். கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் நாலு வளைவு இறக்கினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சம்ப் உடைந்ததற்குப் பணம் தருவார்கள். அதற்குப் பிறகு ஓட்டியதால் இன்ஜின் போனதற்குத் தரமாட்டார்கள், அதைத் தொடர் சேதம் என்பார்கள். அதற்கென்றே இன்ஜின் புரொடெக்ட் என்ற இணைப்பு இருக்கிறது. மலையில் இருப்பவர் வேறு எதை விட்டாலும் அதை விட வேண்டாம் என்பேன். ஆனால் அதை வைத்துக்கொண்டும் ஓட்டக் கூடாது. ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அணைத்த வண்டியை எப்படி இறக்குவது? விபத்துக்குப் பிறகு வண்டியை இழுத்துப் போக சாதாரண பாலிசி தருவது அதிகபட்சம் 1,500 ரூபாய். பள்ளத்தில் சாய்ந்த காரைக் கிரேன் வைத்துத் தூக்கி அஸ்தம்பட்டிப் பக்கம் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக அது எந்த மூலைக்கு? வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்க்கலாம், ஆனால் மலைப்பாதைக்கு வருவார்களா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரின் மதிப்பு, ஐடிவி என்பார்களே, அதைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் சில நூறு குறையும். ஐந்து வருஷத்துக்கு மேலான வண்டிக்கு அந்த மதிப்பை நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான். பழைய கார்தானே என்று குறைத்துவிடாதீர்கள். பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். ஒரு லட்சம் என்று போட்ட காருக்கு ஒரு உருளல் போதும், வண்டி போய்விடும், கையில் வருகிற காசில் வேறு வண்டியும் வாங்க முடியாது.

மஞ்சள் ஃபாக் லைட் கடையில் மாட்டினால் அதையும் பாலிசியில் சொல்ல வேண்டும். அதன் விலையில் நாலு சதவீதம் போலத்தான் கூடும்.

சரி, சின்னச் சின்ன உரசல்கள். வயதானால் பார்க்கிங்கில் பம்பர் உரசுவது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஓன் டேமேஜ் பங்கு 6,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வையுங்கள், ஆண்டுக்கு 3,000 மிச்சம். ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறி ஐம்பதுக்குத் திரும்புவதற்குள் மொத்தம் 7,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். எட்டாயிரம் ரூபாய் பம்பர் பில்லுக்கு, பிளாஸ்டிக் என்று பாதி விலை கழித்து, ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ஆயிரத்தையும் கழித்தால் மூவாயிரம் வந்தாலே அதிகம். சொந்தக் காசில் தட்டிச் சரிசெய்துவிடுவது லாபம். ரினியூவலை மறந்து 90 நாள் தாண்டினாலும் இந்த போனஸ் மொத்தமாகப் போய்விடும். என் லைசென்ஸ் தேதியையும் பாலிசி தேதியையும் மகன் போனிலும் என் சமையலறைக் காலண்டரிலும் குறித்து வைத்திருக்கிறோம்.

மாதம் சில தடவை மட்டும் காரை எடுப்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டும் வசதியை 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அனுமதித்தது. குறைவாக ஓட்டுகிறவருக்கு மிச்சம்தான். வாங்கிய கிலோமீட்டர் தீர்ந்த பிறகு நடக்கும் விபத்துக்கு என்ன என்பதை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் போய் வருவதே தூரத்தைத் தின்றுவிடும்.

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் இந்தப் புகார்களை விசாரிப்பதற்கென்றே சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அண்ணனுக்கு அந்த வழியும் பயன்படாது, லைசென்ஸ் இல்லாதது அவர் பக்கத்துக் குறை. பைக் பையனின் வழக்கு இன்னும் தீர்ப்பாயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எப்போம்மா ஓட்டறதை நிறுத்துவீங்க?" என்று மகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறான். அடுத்த கண் பரிசோதனையில் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன். விற்பதாக முடிவானால் போனஸைத் தக்கவைக்கும் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். அது மூன்று ஆண்டு செல்லும். அதற்குள் மனசு மாறி கியர் போடத் தேவையில்லாத வண்டி ஒன்று வாங்கினால் அதே 50 சதவீதம் அதற்கும் கிடைக்கும்.